நுண்ணுயிர்க்கு இனம் வகுத்த பேரறிஞர் ஃபெர்டினாண்ட் கோன்

நோயாளி ஒருவரின் சளியையோ குருதியையோ ஆய்ந்து, அதில் இன்ன பாக்டீரியா உள்ளது என்று ஆய்வுக்கூடத்தார் சீட்டு எழுதித் தருகின்றனர். சீட்டில் காணும் பெயர் பெரும்பாலும் இரு சொற்களால் ஆனது. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். மருத்துவர் அப்பெயரைக் கண்டு மருந்தைத் தேர்கிறார். நாள்தோறும் ஆயிரம் இடங்களில் நிகழும் இவ்வெளிய செயலுக்குப் பின்னால் ஒரு பெரும் வழக்கு நடந்திருக்கிறது. பாக்டீரியாக்களுள் நிலையான இனங்கள் உண்டா, அன்றி ஒரே உயிர் சூழலுக்கேற்பப் பல வடிவம் கொண்டு காட்சி தருகிறதா என்பதே அவ்வழக்கு. இரண்டாவது கூற்றே உண்மையாக இருந்திருப்பின், இந்த நோய்க்கு இந்தக் கிருமி என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. நோய்க்கிருமி இயல் என்ற துறையே தோன்றியிராது.

இவ்வழக்கில், இனங்கள் உண்டு என்று துணிந்து கூறி, அவற்றை நிரல்படுத்தியும் காட்டியவர் ஃபெர்டினாண்ட் ஜூலியஸ் கோன். லூயி பாஸ்தரையும் ராபர்ட் கோக்கையும் அறிந்த அளவுக்கு நம் மாணவர் இவரை அறிந்திலர். பாடநூல்களும் இவரை ஒரு வரியில் கடந்து செல்கின்றன. பாசில்லஸ் என்ற பேரினப் பெயரை அறியாத அறிவியல் மாணவர் இல்லை. அப்பேரினத்தை வரையறுத்து நிலைநிறுத்தியவர் இவரே என்பதை அறிந்தோர் சிலரே.

போலந்து நாட்டின் தென்மேற்கில் ஓடர் ஆற்றங்கரையில் விரோத்சுவாஃப் என்னும் நகரம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பிரஷ்ய அரசின் ஆட்சியில் இருந்தது. அப்போது அதன் பெயர் பிரெஸ்லாவ். அந்நகரில் யூதர் வாழ்ந்த பகுதியில் 1828 ஆம் ஆண்டு சனவரி 24 ஆம் நாள் கோன் பிறந்தார். தந்தை வணிகர். தம் மூத்த மகனின் கல்விக்கு எதையும் செலவிடத் தயங்காதவர். இரண்டு வயது நிரம்புமுன்பே அக்குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்தது என்று கோனின் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். ஏழாம் வயதில் உயர்பள்ளியில் சேர்க்கப்பட்டார். பத்து வயதளவில் செவிப்புலன் குன்றத் தொடங்கிற்று. உடன் பயில்வோரின் ஆரவாரத்திலிருந்து ஒதுங்கிய அச்சிறுவர் நூல்களையும் செடி கொடிகளையும் துணையாகக் கொண்டார். பிற்காலத்தில் நாள்முழுதும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் பொறுமை அவருக்கு இவ்விளமையில்தான் வாய்த்தது போலும்.

பதினாறு வயதளவில் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஹைன்ரிக் கோப்பெர்ட் என்னும் பேராசிரியரிடம் தாவரவியல் பயின்றார். ஆசிரியர் மாணவரின் திறனை நன்கு உணர்ந்திருந்தார். ஆயினும் பட்டத்தேர்வு நெருங்கியபோது தடை வந்தது. யூதர் என்ற ஒரே காரணத்தால் அவர் பிரெஸ்லாவில் பட்டத்தேர்வு எழுத ஒப்புதல் கிட்டவில்லை. முயன்று பார்த்தும் பயனில்லை. பிறந்த ஊரில், தாம் கற்ற கூடத்தில், தம்மினும் குறைந்த தகுதியினர் பெறும் பட்டம் தமக்கு மறுக்கப்பட்டதைக் கண்ட அவ்விளைஞர் பெர்லின் நகருக்குச் சென்றார். அங்கு 1847 இல், தம் பத்தொன்பதாம் வயதில், முனைவர் பட்டம் பெற்றார்.

பெர்லின் வாழ்வு அவருக்கு இரண்டு வகையில் உதவிற்று. உடலியல் பேரறிஞர் ஜொஹான்னஸ் முல்லரைப் போன்றோரின் அறிமுகம் கிட்டியது ஒன்று. மற்றொன்று, நுண்ணுயிர் ஆய்வில் அந்நாளில் முதல்வராகப் போற்றப்பட்ட கிறிஸ்டியன் எஹ்ரன்பெர்க்கின் தொடர்பு. ஒரு துளி நீருக்குள் ஓர் உலகம் இயங்குவதைக் கோனுக்குக் காட்டியவர் எஹ்ரன்பெர்க். அந்நுண்ணுயிர்கள் குடலும் வயிறும் உடைய முழுமையான விலங்குகள் என்று அவர் நம்பினார். மாணவர் அதனை ஏற்கவில்லை. ஆசிரியரின் கருத்தை மறுத்துக்கொண்டே அவரிடம் நன்றியுடன் இருப்பதற்குக் கோன் நல்ல எடுத்துக்காட்டு.

1849 இல் அவர் பிரெஸ்லாவ் திரும்பினார். வியன்னா நகரின் புகழ்பெற்ற கருவியாளர் பிளோசல் செய்த பெரிய நுண்ணோக்கி ஒன்றைத் தந்தை மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அத்தகைய கருவி அப்போது அப்பல்கலைக்கழகத்திடமே இல்லை. பட்டம் தர மறுத்த பல்கலைக்கழகத்தில் 1850 இல் விரிவுரையாளராகச் சேர்ந்தவர், வாழ்நாளின் இறுதிவரை அதனை விட்டு நீங்கவில்லை. 1859 இல் துணைநிலைப் பேராசிரியர் ஆனார். முழுநிலைப் பேராசிரியர் பதவி 1872 இல்தான் கிட்டிற்று. 1867 இல் பவுலின் ரைக்கன்பாக் என்னும் பெண்மணியை மணந்தார். கணவரின் மறைவுக்குப் பின் அவருடைய வாழ்க்கை நினைவுகளைத் தொகுத்து 1901 இல் நூலாக வெளியிட்டவர் இவ்வம்மையாரே.

தொடக்கத்தில் கோனின் ஆய்வுப்பொருள் பாசிகள். பாசிகளில் ஆண், பெண் இனப்பெருக்கம் நிகழ்வதை ஸ்பீரோப்ளியா என்னும் பாசியில் 1855 இல் விளக்கினார். தாவர உயிரணுவின் உட்பொருளும் விலங்கு உயிரணுவின் உட்பொருளும் இயல்பால் ஒத்தவை என்று 1850 ஆம் ஆண்டளவிலேயே எடுத்துரைத்தார். பிரெஸ்லாவ் மக்கள் பருகிய நீரில் வாழும் நுண்ணுயிர்கள் குறித்து 1853 இல் எழுதினார். கிணற்றுநீரில் நூல்போல வளரும் கிரினோத்ரிக்ஸ் என்னும் பாக்டீரியாவை 1870 இல் விவரித்தவரும் அவரே. இவ்வாறு பாசியிலிருந்து பாக்டீரியாவுக்கு வந்தமையால், பிறர் காணாத ஓர் உறவு அவர் கண்ணுக்குப் பட்டது. பாக்டீரியாக்கள் விலங்குகள் அல்ல. உருவிலும் வளர்ச்சியிலும் அவை நீலப்பசும் பாசிகளுக்கு நெருங்கியவை என்று கண்டார். 1875 இல் இவ்விரண்டையும் ஒரே பெரும்பிரிவில் சேர்த்தும் காட்டினார். அவர் அப்பிரிவைத் தாவர உலகில் வைத்தது இன்று செல்லாது. ஆனால் நீலப்பசும் பாசிகள் உண்மையில் பாக்டீரியாக்களே என்பது இன்று ஐயமின்றித் துணியப்பட்டதாகும்.

கோனுக்கு முன்னர் வகைப்பாடு எந்நிலையில் இருந்தது? உலகின் உயிர்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பெயரிட்ட லின்னேயஸ் நுண்ணுயிர்களின் முன் கைசோர்ந்தார். அவற்றுள் பலவற்றைக் குழப்பம் என்று பொருள்படும் கேயாஸ் என்ற ஒரே பெயரில் அடக்கி விட்டார். டென்மார்க்கின் ஓட்டோ முல்லர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மோனாஸ், விப்ரியோ என்ற பெயர்களை வழங்கினார். எஹ்ரன்பெர்க் பாக்டீரியம், ஸ்பைரில்லம் முதலிய பெயர்களைச் சேர்த்தார். பெயர்கள் பெருகின, தெளிவு பெருகவில்லை. ஒருவர் கண்டதும் மற்றவர் கண்டதும் ஒன்றா என்று உறுதிசெய்ய வழியில்லை. மறுபுறத்தில் சிலர் காளானிலிருந்து பாக்டீரியாவும் பாக்டீரியாவிலிருந்து காளானும் தோன்றும் என்றனர். வியன்னாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பில்ரோத், புண்களில் காணும் உருண்டைகளும் கோல்களும் ஒரே உயிரின் பல்வேறு வடிவங்கள் என்று 1874 இல் பெருநூல் எழுதினார். தாவரவியலில் பெருமதிப்புப் பெற்றிருந்த நெகேலி, 1877 இல், பாக்டீரியாக்களில் நிலையான இனங்கள் உண்டென ஏற்க மறுத்தார். இவர்கள் சிறியர் அல்லர். கலப்பற்ற வளர்ப்பு கைவராத காலத்தில், ஒரு குடுவையில் இன்று கோலும் நாளை உருண்டையும் தென்பட்டால், ஒன்று மற்றொன்றாக மாறிற்று என்று கருதுவது இயல்பேயாகும்.

இப்பின்னணியில், தாமே 1870 இல் தொடங்கிய தாவர உயிரியல் ஆய்விதழில், கோன் 1872 இல் பாக்டீரியாக்களைப் பற்றிய தம் முதற் பெருங்கட்டுரையை வெளியிட்டார். அதில் பாக்டீரியாக்கள் வடிவத்தால் நான்கு குழுக்களாகவும், அவற்றுள் ஆறு பேரினங்களாகவும் பகுக்கப்பட்டன. உருண்டை வடிவின முதற்குழு. அதன் பேரினம் மைக்ரோகாக்கஸ். குறுங்கோல் வடிவின இரண்டாங்குழு. அதற்குப் பாக்டீரியம் என்ற பழம்பெயரையே வரையறுத்து வழங்கினார். நீள்கோலும் நூலும் மூன்றாவது. நேராக நிற்பன பாசில்லஸ், அலைபோல் வளைந்தன விப்ரியோ. திருகுசுருளாக அமைந்தன நான்காவது. ஸ்பைரில்லம், ஸ்பைரோகீட் ஆகிய பேரினங்கள் இதில் அடங்கின. பாசில்லஸ் என்பது இலத்தீனில் சிறு கோல் எனப் பொருள்படும். உலர்ந்த புல்லை ஊறவைத்த நீரில் மிகுதியாகக் காணப்பட்டதும், எஹ்ரன்பெர்க் விப்ரியோவில் சேர்த்திருந்ததுமான மெல்லிய கோலைக் கோன் பாசில்லஸ் சப்டிலிஸ் என்றார். கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயில், பிரான்சின் டவேன் 1863 இல் குருதியில் கண்ட கோல்களுக்குப் பாசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்று பெயரிட்டவரும் அவரே.

இங்கே அவருடைய அறிவு நேர்மையைக் குறிப்பிட வேண்டும். வடிவம் ஒன்றை மட்டும் கொண்டு இனம் துணிய முடியாது என்பதை அவர் மறைக்கவில்லை. ஒரே உருண்டை வடிவினவற்றுள் நிறம் தருவன, நொதிக்கச் செய்வன, நோய் செய்வன என்று செயலால் வேறுபாடு உண்டெனக் காட்டினார். தம் பகுப்பு தற்காலிகமானது, மேலாய்வு அதனைத் திருத்தும் என்று அக்கட்டுரையிலேயே புலப்படுத்தினார். ஆனால் பகுப்பு முழுமை பெறும்வரை காத்திருக்கவும் அவர் உடன்படவில்லை. பிழையுள்ள பகுப்பேனும் ஒன்று இருந்தால்தான் பிழையைச் சுட்டவும் முடியும். இத்துணிவையே அவர் செய்த பெருந்தொண்டாக யான் கருதுகிறேன்.

பிழையும் இருந்தது. ரொட்டியிலும் உருளைக்கிழங்குத் துண்டிலும் குருதித் துளிபோல் செந்நிறம் படரச் செய்யும் பாக்டீரியா ஒன்றை அவர் மைக்ரோகாக்கஸ் பேரினத்தில் வைத்தார். அது உருண்டையன்று, மிகக் குறுகிய கோல். இன்று செராஷியா என்ற வேறு பேரினத்தில் உள்ளது. ஆயினும் இதே உயிரைக் கொண்டுதான் அவர் கட்சி வலுப்பெற்றது என்பது சுவையான செய்தி. அவர் மாணவர் ஜோசப் ஷ்ரூட்டர், அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகளில் நிறம் தரும் பாக்டீரியாக்களை வளர்த்தார். செந்நிறப் புள்ளியிலிருந்து எடுத்து வேறு துண்டில் இட்டால் அங்கும் செந்நிறமே தோன்றியது. மஞ்சளிலிருந்து மஞ்சளே வந்தது. எத்தனை முறை மாற்றினும் நிறம் பிறழவில்லை. இனம் உண்டு என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று அன்று கிடைத்திருக்க முடியாது.

அதே ஆண்டில் பொதுமக்களுக்காகவும் பாக்டீரியாக்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். பாக்டீரியா ஒன்று மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிளவுபடுமாயின் ஒரு நாளில் 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேலாகவும், இரண்டு நாளில் ஏறத்தாழ 281 இலட்சம் கோடியாகவும் பெருகும் என்று அதில் கணக்கிட்டுக் காட்டினார். உணவும் இடமும் போதாமையே உலகை இப்பெருக்கத்திலிருந்து காக்கிறது என்று எளிய மக்களுக்கும் விளங்க வைத்தார். அருமையான பொருளைத் தாய்மொழியில் அனைவருக்கும் எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாக அவர் எண்ணவில்லை. தாவரங்களைப் பற்றி அவர் ஆற்றிய பொதுச் சொற்பொழிவுகள் 1882 இல் நூலாயின.

இனி அவருடைய தலையாய கண்டுபிடிப்புக்கு வருவோம். உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானே தோன்றும் என்ற பழங்கொள்கையைப் பாஸ்தர் 1860 களில் தகர்த்துவிட்டார் என்றே உலகம் நம்பியிருந்தது. இங்கிலாந்தின் பாஸ்டியன் என்னும் மருத்துவர் 1872 இல் அதனை மீண்டும் எழுப்பினார். டர்னிப் கிழங்கின் சாற்றில் சிறிது பாலாடைக்கட்டியைச் சேர்த்து, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தாலும் சில நாட்களில் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன என்று அவர் காட்டினார். பிறர் செய்து பார்த்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. கொதிநீரில் எவ்வுயிரும் பிழைக்காது என்று அனைவரும் நம்பினர். அங்ஙனமாயின் இவை எங்கிருந்து வந்தன?

கோன் அச்சோதனையைத் தாமே திரும்பச் செய்தார். முடிவைப் பழித்துரைக்காமல், கொதித்த குடுவையில் தோன்றுவது எந்தப் பாக்டீரியா என்று வினவினார். இனம் உண்டு என்று நம்பியவருக்கே இக்கேள்வி எழும். அழுகற்பொருளில் எங்கும் காணும் குறுங்கோல்கள் அக்குடுவையில் இல்லை. எப்போதும் பாசில்லஸ் இனமே அங்கே இருந்தது. பாலாடைக்கட்டியை ஐயுற்று ஆராய்ந்தார்; கோல்கள் அதில் ஏராளமாக இருந்தன. பின்னர் உலர்புல் ஊறல்நீரை எடுத்துக்கொண்டார். கொதித்த பின்னும் அந்நீரின் மேற்பரப்பில் இரண்டொரு நாளில் மெல்லிய ஆடை படரும். அவ்வாடை முழுதும் பாசில்லஸ் சப்டிலிஸ் நூல்களே. அந்நூல்களை நாள்தோறும் நோக்கி வந்தவர், ஒவ்வொரு கோலின் உள்ளும் ஒளியைப் பெரிதும் சிதறடிக்கும் முட்டை வடிவ மணி ஒன்று தோன்றுவதைக் கண்டார். கோல் கரைந்து மறையும். மணி எஞ்சி நிற்கும். புதிய ஊறல்நீர் கிடைத்ததும் மணியிலிருந்து மீண்டும் கோல் முளைத்தெழும்.

அம்மணியே அகவித்து. கொதிநீர் கொல்வது கோல்களை. அகவித்து பிழைத்துக் கிடந்து, நீர் ஆறியபின் முளைக்கிறது. உயிரற்ற பொருளிலிருந்து உயிர் எழுந்ததாகத் தோன்றிய மாயம் இவ்வளவே. பட்டுப்புழு நோயை ஆய்ந்தபோது பாஸ்தரும் இத்தகைய மணிகளைக் கண்டிருந்தார். எனினும், முளைத்தல், வளர்தல், மணியாதல் என்னும் முழுச் சுழற்சியையும் விளக்கி, கொதித்தலுக்குத் தப்பும் புதிருக்கு அதனை விடையாக வைத்தவர் கோன். ஆண்டு 1876. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஜான் டிண்டல், ஒரே முறை நெடுநேரம் கொதிக்க வைப்பதற்கு மாறாக, சிறு சிறு அளவில் பலமுறை இடைவிட்டுச் சூடாக்கும் முறையை வகுத்தார். இடைவேளையில் வித்து முளைக்கும். முளைத்தது அடுத்த சூட்டில் மடியும்.

அதே 1876 ஆம் ஆண்டு ஏப்ரல் 22 ஆம் நாளிட்ட கடிதம் ஒன்று கோனுக்கு வந்தது. எழுதியவர் வோல்ஸ்டைன் என்ற சிற்றூரின் அரசு மருத்துவர்; பெயர் ராபர்ட் கோக். பல்கலைக்கழகத் தொடர்போ ஆய்வுக்கூடமோ இல்லாதவர். அடைப்பான் நோய்க் கோலின் முழு வாழ்க்கையையும் தாம் கண்டறிந்ததாகவும், நேரில் வந்து காட்ட விரும்புவதாகவும் எழுதியிருந்தார். பெருங்கண்டுபிடிப்புச் செய்ததாகக் கூறும் கடிதங்கள் கோனுக்குப் புதியன அல்ல. அவற்றுள் பெரும்பாலானவை பயனற்றவை. ஆயினும் அவர் மறுக்காமல் உடனே வரச் சொன்னார். ஏப்ரல் 30 ஆம் நாள் கோக் தம் கருவிகளுடன் வந்திறங்கினார். அடுத்து வந்த நாட்களில், மாட்டுக் கண்ணின் நீரில் அடைப்பான் கோல்கள் நூலாக நீள்வதையும், நூலுக்குள் வித்துக்கள் தோன்றுவதையும், அவ்வித்துக்கள் எலியைக் கொல்வதையும் படிப்படியாகக் காட்டினார். தம் உலர்புல் கோலில் தாம் கண்ட அதே மணியைக் கொலைநோயின் கோலிலும் கண்ட கோன், முதல் மணி நேரத்திலேயே வந்திருப்பவரின் தகுதியை உணர்ந்தார். நோயியல் பேராசிரியர் கோன்ஹைம் முதலியோரும் அழைக்கப்பட்டு வந்து கண்டனர். கோக்கின் கட்டுரை அவ்வாண்டே கோனின் இதழில் வெளியாயிற்று. அடைப்பான் கோலின் படங்களும் உலர்புல் கோலின் படங்களும் ஒரே படத்தாளில் இடம்பெற்றன.

நோயுற்ற கால்நடை மேய்ந்த நிலம் பல ஆண்டுகள் கழித்தும் மந்தைகளைக் கொல்வது ஏன் என்ற உழவரின் பழங்கேள்விக்கும் இவ்வித்தே விடை. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 இல், பிரித்தானியர் ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவில் அடைப்பான் வித்துக்களை வெடித்துச் சோதித்தனர். 1980 களில் மண்ணுக்கு மருந்திட்டு நச்சு நீக்கிய பின்னரே, 1990 இல் அத்தீவு தீங்கற்றதென அறிவிக்கப்பட்டது.

தம் ஊரிலேயே பட்டம் மறுக்கப்பட்ட ஒருவர், ஆய்வுக்கூடமற்ற ஊர் மருத்துவர் ஒருவருக்குத் தம் கூடத்தையும் இதழையும் திறந்துவிட்ட இந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கிறது. கோக்கை அன்று அவர் திருப்பி அனுப்பியிருந்தால், 1882 இல் காசநோய்க் கிருமியின் கண்டுபிடிப்பு எவ்வளவு காலம் தாழ்ந்திருக்குமோ!

கோன் நட்ட விதை இன்று எவ்வாறு கிளைத்துள்ளது என்பதையும் காண வேண்டும். பாசில்லஸ் பேரினத்தைத் தலையாகக் கொண்டு பாசில்லேசீ என்ற குடும்பமும், பின்னர் 1953 இல் பிரேவோ என்பவரால் பாசில்லேலீஸ் என்ற வரிசையும் அமைக்கப்பட்டன. காரியோஃபனேலீஸ் என்ற 1939 ஆம் ஆண்டுப் பெயர் காலத்தால் முந்தியதாகலின் அதுவே செல்லும் என்று பெயரிடும் விதிகளைக் காட்டி வலியுறுத்துவோர் உளர். எப்பெயரால் அழைப்பினும், இவ்வரிசையின் பொதுப்பண்புகள் தெளிவானவை. 1884 இல் கிராம் கண்டறிந்த சாயமுறையில் இவை பெரும்பாலும் ஊதா நிறத்தைப் பற்றிக்கொள்வன. காரணம் இவற்றின் தடித்த உயிரணுச் சுவர். பல காற்றை நாடுவன. சில காற்றிருப்பினும் இல்லாவிடினும் வாழ்வன. உலர்புல் நீரின் மேற்பரப்பில் கோன் கண்ட ஆடை இக்காற்று விருப்பத்தின் அடையாளமே. காற்றை வெறுத்து வித்து ஈனும் கிளாஸ்ட்ரிடியம் போன்றவை வேறு வகுப்பில் வைக்கப்பட்டன.

அகவித்து உண்டாகும் முறையும் இன்று நுணுகி அறியப்பட்டுள்ளது. உணவு அருகும்போது கோல் நடுவில் பிளவுபடாமல் ஓரமாகப் பிளவுபடும். பெரிய பாகம் சிறிய பாகத்தை விழுங்கித் தன்னுள் வைத்துக்கொண்டு, அதன்மேல் உறைமேல் உறையாகப் பூட்டும். உள்ளிருக்கும் நீர் வடிந்து, கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் நிறையும். பின்னர்த் தாய் உயிரணு சிதையும், வித்து வெளிப்படும். கொதிநீரின் 100 பாகைக்கு அஞ்சாத வித்துக்களை அழிக்கவே மருத்துவமனைகளில் அழுத்த நீராவியில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் போன்ற அளவுகள் கையாளப்படுகின்றன. கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இவ்வரிசையைச் சேர்ந்த ஜியோபாசில்லஸ் வித்துக்களையே வைத்துச் சோதிக்கின்றனர்.

இவ்வரிசையின் உறுப்புகளை நோக்கினால் கோன் வியந்திருப்பார். புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் உருண்டை, வித்தும் ஈனாது. அவருடைய அட்டவணையில் அது முதற்குழுவுக்கே போயிருக்கும். மரபுப்பொருளின் எழுத்தொழுங்கை ஒப்பிட்டு உறவு காணும் முறையைக் கார்ல் வோஸ் 1970 களில் நிறுவிய பின்னர், அது பாசில்லஸின் நெருங்கிய உறவினம் என்று தெளிந்து இவ்வரிசையில் சேர்க்கப்பட்டது. கிளைத்த நூல்களாக வளர்ந்தமையால் வேறு பிரிவில் வைக்கப்பட்டிருந்த தெர்மோஆக்டினோமைசீஸ், உண்மையான அகவித்து ஈனுவதாலும் மரபு நெருக்கத்தாலும் இங்கு வந்து சேர்ந்தது. உணவில் நஞ்சாகும் லிஸ்டீரியாவும் இதன் உறுப்பே. வடிவம் உறவைக் காட்டாது என்ற கோனின் ஐயம் இவ்வாறு மெய்யாயிற்று. அவருடைய வடிவக் குழுக்கள் சிதைந்தன. ஆனால் நிலையான இனங்கள் உண்டு என்ற அவருடைய அடிப்படைத் துணிபு சிதையவில்லை. இந்த ஆய்வுகளே அதன்மேல் எழுந்தவைதாம். பாசில்லஸ் பேரினமும் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டதால், 2020 இல் அதன் சிற்றினங்கள் பல புதிய பேரினங்களுக்கு மாற்றப்பட்டன. பாசில்லஸ் சப்டிலிஸ் பெயர் மாறாமல் பேரினத்தின் மூலச் சான்றாக நிற்கிறது. 1997 இல் அதன் மரபுத்தொகுதி முழுதும் படிக்கப்பட்டபோது ஏறத்தாழ 42 இலட்சம் எழுத்திணைகளும் 4,100 மரபணுக்களும் எண்ணப்பட்டன.

கல்லூரி மாணவர் எவரும் இந்த உயிரை எளிதில் காணலாம். ஒரு பிடி உலர்ந்த புல்லை நீரிலிட்டுக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து வைத்தால் போதும். கோன் கண்ட ஆடை மூன்றாம் நாளில் மேலே படரும்.

முதுமையில் கோனுக்குப் பெருமைகள் வந்து குவிந்தன. நுண்ணுயிரியலுக்கென ஹாலந்து அறிவியற் கழகம் வழங்கிய லேவன்ஹுக் பதக்கம் 1885 இல் கிட்டியது. இலண்டன் லின்னேயன் கழகத்தின் தங்கப்பதக்கம் 1895 இல் வந்தது. 1897 இல் இலண்டன் இராயல் கழகம் அவரை அயல்நாட்டு உறுப்பினராக்கியது. அவர் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்று ஐம்பது ஆண்டுகள் நிறைந்த அதே ஆண்டில், பட்டத்தேர்வுக்கு அவரை அனுமதிக்காத பிரெஸ்லாவ் நகரம் அவரைத் தன் பெருமைக்குரிய குடிமகனாக அறிவித்தது. 1898 ஆம் ஆண்டு சூன் 25 ஆம் நாள் அந்நகரிலேயே அவர் காலமானார்.

1945 இல் பிரெஸ்லாவ் போலந்துக்கு உரியதாயிற்று. அங்கிருந்த செருமானியர் வெளியேற்றப்பட்டனர். யூதரோ அதற்கு முன்பே நாஜிகளால் அழிக்கப்பட்டிருந்தனர். நகரின் தெற்கே பழைய யூதர் இடுகாடு எஞ்சியது. இப்போது அது அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. மரங்கள் அடர்ந்த அவ்விடத்தில், கொடி படர்ந்த கற்களுக்கிடையே, ஃபெர்டினாண்ட் கோனின் கல்லறையும் இருக்கிறது.